பைக்குள் கிடந்த மற்றப் பேணி

செவ்வாய்க்கிழமைகளில் என் பைக்குள் ஒரு பிளாஸ்க் தேநீரும், துவாயில் சுற்றிய இரண்டு எவர்சில்வர் பேணிகளும் இருக்கும். தேநீர் குடிக்கிற குவளையை நாங்கள் பேணி என்போம். ஒரு பேணி எனக்கு, மற்றது தங்கச்சிக்கு.

தங்கச்சி என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. லண்டனில், இல்ஃபோர்ட் பஸ் நிறுத்தத்தில் பழக்கமானவர். என்னைவிட இளையவர் என்பதால் நான் தங்கச்சி என்பேன், அவர் என்னை அக்கா என்பார். இரண்டாயிரம் பிறந்து சில வருடம் கழிந்திருந்தது. ஊரில் சண்டை சற்று ஓய்ந்து, பாதை திறந்து, ஆட்கள் போய்வந்துகொண்டிருந்த காலம். நான் மகனோடும் மருமகளோடும் இருந்தேன். தங்கச்சி நெடுங்காலம் ஜெர்மனியில் இருந்துவிட்டு, மகன் இங்கே வேலைக்கு வந்ததால் அவனுக்குப் பின்னால் வந்து, ஒரு கவுன்சில் பிளாட்டில் இருந்தார்.

எங்கள் ஆட்கள் முதல் சந்திப்பிலேயே கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "நீங்கள் எவடம்?" ஊர்ப் பெயரைச் சொன்னால், "ஊரில எந்தப் பக்கம், கோயிலடியோ, சந்தியடியோ?" சந்தியடி என்றால், "அங்கை ஆற்றை ஆக்கள்?", யாருடைய ஆட்கள் என்று. இதற்குள் வந்தவர் யார் என்று தெரிந்துவிடும். சாதி என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லத் தேவையில்லை. நானும் கேட்டேன்.

"சாவகச்சேரிப் பக்கம்" என்றார் தங்கச்சி.

"சாவகச்சேரியில எவடம்?"

"நான் கனகாலம் ஜெர்மனியில அக்கா. அங்கை பாருங்கோ, பஸ் வருது."

பஸ் உண்மையாகவே வந்தது. நான் பிறகு கேட்கவில்லை. கேட்கத் தோன்றாமல் இல்லை. ஆனால் எனக்கு அவருடைய பகிடியும் சிரிப்பும் வேண்டியிருந்தது. முழங்கால் வருத்தத்தோடு பஸ்ஸில் ஏற அவருடைய தோளும் வேண்டியிருந்தது. வீட்டில் மகனும் மருமகளும் ஷிப்டுக்குப் போய்விட்டால் நான் நாள் முழுக்க வாய் திறக்கிறது சாமிப் படத்துக்கு முன்னால் மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை எங்கே போவோம் என்றால், தமிழ் முதியவர்களுக்கு ஒரு மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு. கொஞ்சம் உடற்பயிற்சி, கொஞ்சம் இங்கிலீஸ், ஒரு தேவாரம், மிச்சமெல்லாம் கதை. ஊரில் அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்ந்த ஒருவர் அதை நடத்தினார். அவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். வெள்ளைக்காரர் யாராவது வந்து பேசினால் மாஸ்டர்தான் எழும்பி நின்று தமிழில் சொல்லுவார். அவர் சொல்லுகிற தமிழும் எங்களுக்குப் பாதிதான் விளங்கும்.

"மாஸ்டர் இங்கிலீசை இடியப்பம் மாதிரிப் பிழியிறார் அக்கா" என்று தங்கச்சி என் காதுக்குள் சொல்லுவார். "பிழிஞ்சு போடுறார், ஆனால் அவிக்கிறார் இல்லை."

நான் முன்வரிசைக் கதிரையில் இருந்து சிரிப்பை அடக்கப் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். முன்வரிசையில் இருக்கச் சொல்லி யாரும் சொன்னதில்லை. நானாக இருந்தேன், விட்டுவிட்டார்கள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றாலும், காணியும் வயலும் உள்ள வீட்டில் பிறந்து, அதைவிடப் பெரிய வயல் உள்ள வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். அந்த நிமிர்வு லண்டனுக்கும் என்னோடு விமானம் ஏறி வந்தது.

தங்கச்சியிடம் எனக்கு ஒரு குறை மட்டும் இருந்தது. இரண்டு வருடமாக என் தேநீரைக் குடித்தவர், ஒரு நாளும் ஒரு வடையோ ஒரு துண்டு கேக்கோ கொண்டுவந்து என்னிடம் நீட்டியதில்லை. "நல்ல மனுசி, ஆனால் கை இறுக்கம்" என்று மருமகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு வசந்த காலத்தில் மாஸ்டர் எங்களைப் படம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். சினிமாப் படம் அல்ல, கையால் கீறிய படங்கள். லிவர்பூல் ஸ்ட்ரீட் வரைக்கும் ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் போனோம். பெரிய தூண்கள் வைத்த மாளிகை. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எங்களுக்காகக் காத்து நின்றார். விக்டோரியா மகாராணி காலத்துப் படங்கள் உள்ள அறைகளுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

எல்லாம் கிராமத்துப் படங்கள். ரோசாக்கொடி படர்ந்த குடிசை வாசலில் ஒரு தாய் பிள்ளைக்குச் சட்டை தைக்கிறாள். ஒரு குமர்ப்பிள்ளை கோழிக்குத் தீன் எறிகிறாள். பொழுதுபட மாடுகள் பட்டிக்குத் திரும்புகின்றன. மாடுகள் முழுகி, தலை வாரி இழுத்துக்கொண்டு வந்தவை போல இருந்தன.

"ஒரு மாட்டில ஒரு உண்ணி இல்லை" என்றேன் நான்.

"பட்டியில சாணியும் இல்லை அக்கா" என்றார் தங்கச்சி. "ஆரோ எங்களுக்கு முதல் வந்து கூட்டிப்போட்டுப் போயிருக்கினம்."

சிரித்துக்கொண்டே நடந்தோம். அன்றைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான்.

அடுத்த அறையில் சுவரின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு படம் இருந்தது. விளைந்த கோதுமை வயல். நடுப்பகல். கதிர் அறுக்கிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஒரு பெரிய மரத்தின் கீழ் இருக்கிறார்கள். ஆண்களுக்கு வெள்ளைச் சட்டை. பெண்களுக்குக் கன்னத்தில் சிவப்பு. வயல்காரர் வீட்டுப் பெண் போல ஒருத்தி, நல்ல உடுப்போடு, ஒரு மண்கூசாவில் குடிக்கக் கொண்டுவந்திருக்கிறாள். ஒரு கிழவன் அந்தக் கூசாவை இரண்டு கையாலும் பிடித்து, வாய் வைத்துக் குடிக்கிறான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

வெள்ளைக்காரப் பெண்மணி நீளமாகப் பேசினார். மாஸ்டர் பிழிந்ததில் எனக்கு விளங்கியது இவ்வளவு. அந்தக் காலத்தில் வயல் வேலை செய்தவர்கள் அரைவயிற்றோடு கிடந்தார்கள். இந்தப் படங்களைக் கீறியவர்களும் வாங்கியவர்களும் பட்டணத்துக்காரர். தங்கள் வீட்டு விறாந்தையில் இதை மாட்டிவைத்து, ஏழைகள் சந்தோசமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ள அவர்களுக்கு விருப்பம்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. வயல் என்றால் அந்தக் கூட்டத்தில் என்னைவிட யாருக்குத் தெரியும்?

"மாஸ்டர், இதென்ன அருவி வெட்டோ, மாப்பிள்ளை அழைப்போ?" என்று கேட்டேன். அருவி வெட்டு என்று நாங்கள் சொல்லுவது கதிர் அறுப்பை. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புக் கிடைத்தால் நான் நிற்கமாட்டேன். "எங்கடை வயலில வெட்டுக்கு வாறதுகளை இந்த மனுசிக்குக் காட்டவேணும். சேறும் வேர்வையும், கிட்டப் போகேலாது. காத்து எந்தப் பக்கம் எண்டு பார்த்துத்தான் நான் குடையைப் பிடிச்சுக்கொண்டு வரம்பில நிப்பன். அதுகளுக்கு வெள்ளைச் சட்டையாம்!"

மாஸ்டர் அதைச் சுருக்கி இங்கிலீசில் சொன்னார். அந்தப் பெண்மணி தலையாட்டினார். பிறகு, என் பக்கத்தில் நின்ற தங்கச்சியைக் கையால் காட்டி, இவருக்குப் படம் எப்படி என்று கேட்டார்.

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் தங்கச்சி.

"பொய்ப் படம் எண்டு இந்த மனுசி இப்பத்தானே சொன்னவா" என்றேன்.

"பொய்தான் அக்கா. இருக்கட்டும்." அவர் என்னைப் பார்க்கவில்லை. படத்தைத்தான் பார்த்தார். "அந்தக் கிழவன் கூசாவில வாய் வைச்சுக் குடிக்கிறான். அவள் முகத்தைச் சுழிக்கேல்லை, பாருங்கோ. என்ரை அம்மா வெட்டுக்குப் போவா. நானும் போயிருக்கிறன். எங்களுக்கு உயரத்தில இருந்து கையில ஊத்துவினம். பாதித் தண்ணி நெஞ்சில போகும். எங்களை ஒருத்தரும் வெள்ளைச் சட்டையோட பொய்க்குக்கூடக் கீறேல்லையே."

என்ன சொன்னார் என்று வெள்ளைக்காரப் பெண்மணி மாஸ்டரைக் கேட்டார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏதோ சொன்னார். 'கலர்' என்ற ஒரு சொல் மட்டும் எனக்கு விளங்கியது. கலர் நன்றாக இருப்பதாகச் சொன்னாராக்கும். அந்தப் பெண்மணி மகிழ்ந்துபோய்த் தங்கச்சியின் கையைத் தொட்டார்.

நான் அந்தக் கூசாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். உயரத்தில் இருந்து ஊற்றியவள் நான். மாமியார் காட்டித் தந்தார்: செம்பை உயர்த்திப் பிடிக்கவேண்டும், அது அவர்களின் கையில் முட்டக்கூடாது. தேநீர் என்றால் தேங்காய்ச் சிரட்டையில். குடித்துவிட்டுச் சிரட்டையைத் தாங்களே கழுவி வேலியில் செருகிவிட்டுப் போவார்கள். அடுத்த நாளும் அதே சிரட்டை. இவையெல்லாம் எனக்கு மறந்துபோன காரியங்கள் அல்ல. ஆனால் அதைப் பற்றி நினைக்கவேண்டும் என்று அதுவரைக்கும் எனக்குத் தோன்றியதே இல்லை.

வெளியே வந்து, பக்கத்தில் இருந்த பூங்காவில் நீள மர வாங்குகளில் அமர்ந்தோம். மாஸ்டர் எல்லோருக்கும் கடதாசிக் கப்பில் தோடம்பழச் சாறு வார்த்தார். எனக்குப் பக்கத்தில் வெறும் கப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. தங்கச்சி வழக்கம்போல என் பக்கத்தில் வந்து இருந்தார். நான் பிளாஸ்க்கை எடுத்தேன். துவாயைப் பிரித்து ஒரு பேணியை எடுத்தேன். எனக்கு வார்த்தேன். பிறகு என் கை பைக்குள் போகவில்லை. அடுக்கில் இருந்து ஒரு கடதாசிக் கப்பை உருவி, அதில் தேநீர் வார்த்து, "இந்தாரும், குடியும்" என்று கொடுத்தேன்.

திட்டம் போட்டு நான் அதைச் செய்யவில்லை. இதைச் சொன்னால் என் பிழை குறையும் என்று முதலில் நினைத்தேன். குறையவில்லை. யோசியாமலே கை அங்கே போகிற அளவுக்கு அது எனக்குள் இருந்திருக்கிறது.

தங்கச்சி கப்பைப் பார்த்தார். என் கையில் இருந்த பேணியைப் பார்த்தார். தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்தார். கப்பை நசித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து, "நல்ல தேத்தண்ணி அக்கா" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸுக்கு நடந்தோம். துவாயை நான் சரியாகச் சுற்றவில்லை. ஒவ்வொரு அடிக்கும் பைக்குள் மற்றப் பேணி பிளாஸ்க்கில் முட்டிக் கிலுங்கியது. நான் பையை மற்றக் கைக்கு மாற்றினேன். அப்போதும் கிலுங்கியது.

"அக்கா" என்றார் தங்கச்சி மெல்ல, "மற்றப் பேணி சும்மா கிடந்து கிலுங்குது. துவாயால சுத்துங்கோ. நெளிஞ்சு போயிடும்."

நிலம் பிளந்தால் இறங்கியிருப்பேன். அவர் என்னைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். எப்போதும் பிடிப்பதுபோலத்தான் பிடித்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ் நிறுத்தத்தில் அவர் இல்லை. முந்திய பஸ்ஸில் போயிருந்தார். மண்டபத்தில் பின்வரிசையில் இருந்தார். தனக்கென்று ஒரு சின்னப் பிளாஸ்க் கொண்டுவந்திருந்தார். "என்னக்கா, கால் எப்பிடி?" என்று கேட்டார். "பரவாயில்லை" என்றேன். அதற்குப் பிறகும் அப்படித்தான். கோபம் இல்லை, பேச்சும் இல்லை. என் காதுக்குள் ஒருவரும் மாஸ்டரைப் பற்றிப் பகிடி சொல்லவில்லை.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. கப்பில் தேநீர் கொடுத்தது கொலைக்குற்றமோ என்று எனக்குள் வாதாடினேன். மகனிடம் சொன்னேன். "அம்மா, இந்த நாட்டில ஆர் உதெல்லாம் பாக்கினம்?" என்றான். அந்தக் கிழமைதான் அவன் தன் மைத்துனிக்கு வந்த சம்பந்தம் ஒன்றுக்கு டெலிபோனில், "ஊரில எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அதைக் கேட்டுக்கொண்டு சோற்றுக்கு அரிசி கழுவிக்கொண்டு நின்ற எனக்கு, வாதாடுகிற வாய் அடைத்துப்போயிற்று. நான் வளர்த்த பிள்ளைதானே.

எனக்குத் தங்கச்சி திரும்ப வேண்டும். அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஒரு நாள் வாழைப்பழச் சீப்பு ஒன்று வாங்கிக்கொண்டு அவருடைய பிளாட்டுக்குப் போனேன். லிப்ட் வேலை செய்யவில்லை. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவர் பழச்சீப்பைக் கையில் வாங்கிக்கொண்டார். "வாங்கோ அக்கா. இருங்கோ. என்ன இவ்வளவு தூரம்?"

"என்ன தூரம்? ரெண்டு பஸ் நிறுத்தம்."

"ரெண்டு வருசமா வராத தூரம்தானே" என்று சிரித்தார்.

நல்ல துப்புரவான வீடு. என்னைச் சோபாவில் இருத்திவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். அதன் கதவில், அந்த வயல் படம் தபாலட்டை அளவில் ஒட்டியிருந்தது. அன்றைக்குப் புறப்படும்போது அங்கே உள்ள கடையில் வாங்கியிருக்கவேண்டும். நான் கவனிக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு சோடாப் போத்தலை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார். பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிளாஸ்.

"சோடா குடியுங்கோ அக்கா. கடையில வாங்கினபடி கிடக்கு. மூடி திறக்கேல்லை."

அந்தச் சோடா என்னவென்று எனக்குத் தெரியும். ஊரில், எங்கள் வயலில் வேலை செய்கிறவர்களின் வீட்டுக் கலியாணத்துக்கோ செத்தவீட்டுக்கோ எங்கள் ஆட்கள் போகவேண்டி வந்தால், வாசலில் கதிரை போட்டு இருத்தி, கடைச் சோடாவை மூடியோடு கொண்டுவந்து கண்முன்னால் உடைத்துத் தருவார்கள். அந்த வீட்டுத் தண்ணீரை நாங்கள் குடிக்கமாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும். என் கணவர் அப்படிக் குடித்துவிட்டு வந்து, "மரியாதை தெரிஞ்ச சனம்" என்று பாராட்டுவார்.

"எனக்குத் தேத்தண்ணி தாரும் தங்கச்சி" என்றேன்.

"பால் முடிஞ்சு போச்சு அக்கா."

பால் போத்தல் இருந்ததை நான் கண்டேன். "பிளேன்ரீ தாரும்."

"சீனியும் முடிஞ்சுது."

"எனக்கு நீரிழிவு. சீனி வேண்டாம்."

அவர் என்னை நேராகப் பார்த்தார். "அக்கா, தண்ணியும் முடிஞ்சுது எண்டு என்னைச் சொல்ல வைக்காதேங்கோ."

நான் தலையைக் குனிந்தேன். அன்றைக்குப் பேணி விசயம் என்று தொடங்கினேன். யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய்.

"விடுங்கோ" என்றார். "நீங்கள் ஆர் எண்டு எனக்கு முதல் நாளே தெரியும். நீங்கள் கேட்ட கேள்வியிலேயே தெரியும். அதுதான் நான் ஒண்டும் கொண்டுவந்து தரேல்லை. நான் நீட்டி, நீங்கள் வாங்காமல் விட்டால், பிறகு உங்கடை பேணியும் எனக்கு இல்லாமல் போயிடும். எனக்கு அந்தப் பேணி வேண்டியிருந்தது அக்கா. உங்கடை தேத்தண்ணியில சாயம் காணாது. எண்டாலும் வேண்டியிருந்தது."

நான் போத்தலை எடுத்துத் திருகினேன். என் விரல் மூட்டுகளுக்கு அந்தப் பலம் இல்லை. திருகத் திருக மூடி அசையவில்லை. அவர் எதிரில் இருந்து பார்த்தார்.

"நான் திறந்தால் குடிப்பீங்களோ?"

"குடிப்பன்."

வாங்கித் திறந்து கிளாஸில் வார்த்தார். நீரிழிவுக்காரி நான், மடமடவென்று குடித்தேன். மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. சோடாவால் என்று இருவரும் வைத்துக்கொண்டோம்.

குடித்து முடித்ததும் எழும்பி, கிளாஸை எடுத்துக்கொண்டு சமையல் தொட்டிப் பக்கம் போனேன். கழுவி வைத்துவிட்டுப் போகலாம் என்று எண்ணினேன். அவர் பின்னால் வந்து கிளாஸை என் கையில் இருந்து வாங்கிவிட்டார்.

"வையுங்கோ அக்கா. என்ரை வீட்டில விருந்தாளியள் குடிச்சதைக் கழுவிறேல்லை. ஜெர்மனியில ஓட்டலில ஊர்ப்பட்ட சனத்தின்ரை கோப்பை கழுவினனான். உங்கடை ஒரு கிளாஸ் எனக்குப் பாரமில்லை."

படியால் இறங்க அவர்தான் கை தந்தார். தெருவரைக்கும் வந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். நான் இருக்கையில் இருந்து திரும்பிப் பார்த்தபோது கையைக் காட்டினார்.

அதன்பிறகு செவ்வாய்க்கிழமைகளில் சில வேளை என் பக்கத்தில் வந்து இருப்பார். நான் துவாயைப் பிரித்து இரண்டு பேணியையும் எடுத்து வைப்பேன். "இப்பத்தான் குடிச்சனான் அக்கா" என்பார், சிரித்துக்கொண்டு. மற்றப் பேணியை நான் உலர்ந்தபடியே திரும்பச் சுற்றிவைப்பேன். அடுத்த வருடம் அவருடைய மகனுக்கு விமான நிலையத்தில் வேலை கிடைத்து, ஹவுன்ஸ்லோவுக்குப் போய்விட்டார்கள். தீபாவளிக்கு டெலிபோன் எடுப்பார், கால் எப்படி என்று கேட்பார்.

சாயம் காணாது என்று அவர் சொன்ன பிறகு நான் கூடுதலாகத் தேயிலை போடுகிறேன். அவர் போடுகிற தேநீர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.